திரும்பி வரும் என்று சொன்னவர்

கிளிநொச்சிச் சந்தைக்கு டொக்டரம்மா வருகிறார் என்றால் சில ஆண்கள் மரக்கறிச் சாக்குகளுக்குப் பின்னால் குனிந்துவிடுவார்கள். நானும் ஒளிந்திருக்கிறேன். அப்போது என்னிடம் ஒரு பழைய மொறிஸ் கார் இருந்தது, வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் அதன் முன்மூடியைத் தூக்கி, ஒரு பழுதுமில்லாத எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பேன். அப்படியும் விடமாட்டார். முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வரும்.

"தம்பி, இண்டைக்கு வெளிக்குப் போனனீரோ?"

"ஓம் டொக்டர்."

"இறுகியோ, இளகியோ?"

இப்படியான கேள்விகளைக் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொய்யாப்பழம் விற்கிற மனுசி தராசைப் பிடித்தபடியே என் பதிலுக்காகக் காத்திருப்பாள். பதில் சொல்லி முடித்தால் அடுத்தது, "நாக்கை நீட்டும்." நட்டநடுச் சந்தையில், மீசை வைத்த ஆம்பிளை, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை, என்னை ஏன் போட்டு வதைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வருத்தம் இல்லாதவன்ரை நாக்கும் எனக்குத் தெரிய வேணுமெல்லோ" என்றார்.

கலியாண வீட்டிலும் இதே கதைதான். ஒரு மாப்பிள்ளைக்கு அறுகரிசி போட மணவறைக்கு ஏறியவர், அரிசியைத் தலையில் போட்டுவிட்டு அங்கேயே குனிந்து கேட்டார். அவனுடைய தகப்பனுக்குக் குடலில் முளை இருந்து வெட்டியவர்கள், ஆகவே மகனையும் கேட்கத்தான் வேண்டும் என்பது அவருடைய நியாயம். மாப்பிள்ளை பட்டுத் தலைப்பாகையோடு, "நாளைக்குச் சொல்லுறன் டொக்டர்" என்றான். "நாளைக்கு நீர் மறந்துபோவீர், இப்ப சொல்லும்" என்று அவர் நின்றார். மேளகாரர் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குள்ளமான, கறுத்த பெண். ஆம்பிளைகள் கட்டுகிற பெரிய மணிக்கூடு ஒன்றைக் கட்டியிருப்பார். நூல் சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். குடியேற்றத் திட்டத்துக்கு நடுவிலிருந்த சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிதான் அவருடைய இடம். சொந்த ஊர் எது, ஏன் கலியாணம் கட்டவில்லை, ஏன் கொழும்புக்குப் போகாமல் எங்களுடைய புழுதிக்குள் கிடக்கிறார் என்று ஊர் பலவிதமாகக் கதைத்தது. அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. கேட்டவர்களைத் திருப்பிக் கேட்பார், அதுவும் எதைப்பற்றி என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

அவருடைய மண்டைக்குள் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. வெட்டியது திரும்பி வருமா?

எங்கள் பக்கத்தில் மலத்தோடு இரத்தம் போனால் அது மூலம்தான். வேறு பேர் கிடையாது. கருணைக்கிழங்கு சாப்பிடு, நல்லெண்ணெய் வைத்துத் தோய், வெயிலில் திரியாதே. அவ்வளவோடு வைத்தியம் முடிந்தது. டொக்டரம்மா வந்த பிறகுதான் அப்படி இரத்தம் போன சிலருக்கு மூலம் இல்லை, குடலின் உள்பக்கத்தில் காளான்போல ஒரு முளை இருக்கிறது, அதைப் பொலிப் என்று சொல்வார்கள், சிலது கிடந்தபடியே கிடக்கும், சிலது வருசக்கணக்கில் வளர்ந்து புற்றுநோயாகும் என்று எங்களுக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் அவருக்குத் தெரிந்த ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வெளிச்சக் குழாய் விட்டுப் பார்த்து அதை வெட்டி எடுப்பார். வெட்டியதைக் கொழும்புக்கு அனுப்பி நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, நல்ல சாதியா கெட்ட சாதியா என்று எழுதி அனுப்புவார்கள்.

வெட்டியாயிற்று, சுகமாயிற்று என்று வந்து கும்பிடுகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான். "வெட்டி எடுத்தது காயை. காய்ச்ச மரம் உள்ளுக்கைதான் நிக்குது."

கும்பிட்ட கை அப்படியே கீழே இறங்கிவிடும். நல்ல செய்தி சொல்லத் தெரியாத மனுசி என்று என் அக்கா அவரைத் திட்டுவாள்.

எல்லாரையும் வருசா வருசம் கூட்டிக்கொண்டுபோய்க் குழாய் விட்டுப் பார்த்தால் கேள்வியே இல்லை. அது நடக்காது. அந்த நிபுணர் எங்களுடைய ஆட்களுக்கென்று மாதத்தில் ஒரு காலைதான் ஒதுக்கித் தந்திருந்தார். என்னுடைய காரில் பிடிப்பது கொஞ்சப் பேர். ஆனையிறவில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஆமி முகாமைக் கடந்து நடந்து, பிறகு ஏற வேண்டும். வருத்தக்காரருக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆகவே ஆரைக் கூட்டிக்கொண்டு போவது, ஆரை விடுவது? யாருக்குத் திரும்பி வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவரை ஏற்றலாம். இதற்காகத்தான் சந்தையிலும் மணவறையிலும் எங்களைப் பிடித்து உலுப்பினார்.

இதற்குத் தன்னுடைய படிப்பு மட்டும் காணாது என்று அவருக்கு எங்கேயோ பட்டிருக்க வேண்டும். ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வைத்தியர் ஐயாவிடம் போனார்.

வைத்தியர் ஐயா எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். காட்டை வெட்டி, கொட்டில் போட்டு, கச்சான் கடலையும் உழுந்தும் விதைத்துக்கொண்டு சித்த வைத்தியமும் பார்த்தார். நாடி பிடிப்பார், நாக்குப் பார்ப்பார். காலைச் சிறுநீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்து, வெயிலில் வைத்து, ஒரு துளி நல்லெண்ணெய் விடுவார். துளி மெல்லப் பரவினால் நல்ல குறி. குபுக்கென்று சிதறினாலோ உள்ளே தாழ்ந்தாலோ கூடாத குறி. சரியான ரோசக்காரர். ஆஸ்பத்திரி என்ற சொல்லைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறவர்.

இந்த இரண்டு பேரும் எப்படி ஒத்துப்போனார்கள் என்று கேட்காதீர்கள். ஒத்துப்போகவேயில்லை. அதுதான் முறை.

முளை வெட்டிய ஆளை வைத்தியர் தனியாகப் பார்ப்பார். டொக்டரம்மா தனியாகப் பார்ப்பார். முளை எத்தனை, எவ்வளவு பெரிது, கொழும்பிலிருந்து என்ன எழுதி வந்தது, தாய் தகப்பனுக்கு இருந்ததா என்று அவருக்குத் தன் கணக்கு. பிறகு ஆஸ்பத்திரி விறாந்தையில் இரண்டு கதிரைகளைப் போட்டு எதிரெதிரே இருந்து, வரும் அல்லது வராது என்று ஆளுக்கொரு சொல் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் வரும் என்றால் ஆள் யாழ்ப்பாணம் போக வேண்டும். இரண்டு பேரும் வராது என்றால் வீட்டில் இருக்கலாம். ஒருவர் வரும் என்றும் மற்றவர் வராது என்றும் சொன்னால் சண்டை. சண்டை என்றால் அதற்கும் கார்தான்.

"டாக்டரம்மா, நீங்க பேப்பரைப் பாக்குறீங்க. நான் ஆளைப் பாக்குறேன்."

"ஆள் பொய் சொல்லும் ஐயா. பேப்பர் சொல்லாது."

"நாக்குப் பொய் சொல்லாதுங்க."

"நாக்குத்தானே ஐயா பொய்யே சொல்லுறது."

விறாந்தையில் இப்படிச் சத்தம் கேட்டால், வெளியே மரத்தடியில் நிற்கிற நான் காருக்குத் தண்ணீர் விடத் தொடங்குவேன். யாரோ ஒருவர் போகப்போகிறார்.

நாயாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருவார். கடலோரத்தில் கருவாடு போடுகிறவர், நல்ல சிரிப்பு. வரும்போதெல்லாம் டொக்டரம்மாவுக்கு ஒரு பார்சல் கருவாடு கொண்டுவருவார். அவருக்கு ஒரு சின்ன முளைதான் இருந்து வெட்டியவர்கள். கொழும்புக் காகிதமும் நல்லதாக வந்தது. வைத்தியர் ஐயாவின் எண்ணெய்த் துளியும் மெல்லப் பரவியது. விறாந்தையில் அன்று சண்டையே இல்லை. இரண்டு பேரும் வராது என்றார்கள். டொக்டரம்மாவும் அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

வந்துவிட்டது. அடுத்த மழைக்காலம் முடிய வயிறு வீங்கி, மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்கு டொக்டரம்மா என்னுடைய காரில்தான் போனார். வேறு யாரும் என்றால் முகத்தைக் காட்டிவிட்டு, வெற்றிலைத் தட்டைத் தொட்டுவிட்டு வந்திருப்பார்கள். அவர் பறை அடிக்கிற இடத்தைத் தாண்டி நேரே புருசன்காரனிடம் போனார். "நானும் வைத்தியர் ஐயாவும் வராது எண்டு சொன்னனாங்கள். பிழையாச் சொல்லிப்போட்டம்" என்றார். அந்த மனிதன் எழும்பிப் போனான். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான், இருங்கோ என்றான். அவர் இருந்தார். பிரேதம் எடுக்கும்வரை அந்த வெயிலில் இருந்தார். பெண்கள் ஒப்பாரிக்கு நடுவே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது, ஆராவது கையை வைத்துவிடுவார்களோ என்று.

திரும்பி வரும்போது காட்டு வழியில் டொக்டரம்மா சொன்னார். "அவா என்னைக் கேட்டவா தம்பி, நானும் ஒருக்காப் போய்ப் பாக்கட்டோ எண்டு. காரிலை இடமில்லை எண்டு சொன்னது நான்தான்."

அதற்குப் பிறகு எந்த நோயாளியிடமும் வராது என்ற சொல்லை அவர் சொன்னதில்லை. விறாந்தையில் வைத்தியரோடு சொல்வார், அது கணக்கு. ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். கெஞ்சிக் கேட்டவர்களும் உண்டு. மனுசியின் நெஞ்சு கல்லு என்று ஊர் முடிவுகட்டியது. எனக்கும் சில நேரம் அப்படித்தான் தோன்றியது.

இனி அத்தானின் கதைக்கு வருகிறேன்.

அத்தான் என் அக்காவின் புருசன். குடாநாட்டிலிருந்து வந்து திட்டத்தில் காணி எடுத்து வயல் செய்தவர். பிடித்த பிடி விடாதவர், அக்காவின் பாசையில் சொன்னால் மாடு. அவருக்குப் பெரிய முளையாகவே வெட்டியவர்கள். கூடவே சின்னதும் இருந்தது. கொழும்புக் காகிதம் கெட்ட சாதிக்குக் கிட்டவான சாதி என்று சொல்லியது. அவருடைய தகப்பன் மூலம் என்று சொல்லிச் சொல்லியே இரத்தம் போய்ச் செத்தவர். டொக்டரம்மா வரும் என்றார். வைத்தியர் ஐயாவோ நாடி நல்லது, நாக்குச் சுத்தம், துளி மெதுவாகப் பரவுது, வராது என்றார். சண்டை விறாந்தையைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. அத்தானைக் காரில் ஏற்றினேன்.

முதல் நாளே புறப்பட்டுப் போய், சாவகச்சேரியில் அத்தானின் தங்கச்சி வீட்டில் தங்கி, விடியக் குழாய்க்குப் போவதாக ஏற்பாடு. குடல் வெறுமையாக இருக்க வேண்டும், ஆகவே முதல் நாள் தண்ணிச் சாப்பாடு மட்டும்தான் என்று டொக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அத்தான் சொன்னபடியே நடந்தார். விடிய நிபுணர் பார்த்தார், ஒரு துண்டு எழுதித் தந்தார். சுத்தம்.

ஊரில் அது திருவிழாதான். அக்கா பிள்ளையாருக்குப் பொங்கினாள். வைத்தியர் ஐயா புதுச் சால்வையைப் போட்டுக்கொண்டு சந்தைப்பக்கம் இரண்டுதரம் நடந்தார். டொக்டரம்மாவைப் பார்த்து ஆட்கள் இப்போது ஒளியவில்லை, சிரித்தார்கள். "என்ன டொக்டர், இந்த முறை எண்ணெய் வெண்டிட்டுது போலை" என்று கூப்பன்கடை மனேச்சர் கேட்டார். "வெண்டால் எனக்குச் சந்தோசம். நான் சொன்னது பிழைச்சால் ஒருத்தரும் சாக மாட்டினம்" என்றார் அவர். பொய்க்குச் சொல்லவில்லை. உண்மையாகவே முகம் மலர்ந்துதான் இருந்தது.

பொங்கலன்று அக்கா வீட்டுக்கு வந்தார். வாழையிலையில் பொங்கலைப் போட்டுக் கொடுத்தோம். ஒரு வாய் வைத்துவிட்டு, பழக்கதோசத்தில் கேட்டார்.

"அண்ணை, முதல் நாள் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நீங்கள் சொன்னபடிதான். தண்ணிச் சாப்பாடு."

"என்ன தண்ணி?"

"கூழ்."

இலையிலிருந்து கை எடுபட்டது.

"என்ன கூழ்?"

"ஒடியற் கூழ்தான். தங்கச்சி என்னைக் கண்டு கனகாலமெல்லோ, ஆசையாக் காய்ச்சினவள். டொக்டர் தண்ணியாத்தான் குடிக்கச் சொன்னவா எண்டு சொன்னனான். அதாலை நல்ல தண்ணியா விட்டுக் காய்ச்சினவள்."

"உள்ளுக்கை என்ன போட்டவா?"

அத்தானுக்கு அந்தப் பனங்கிழங்கு மாக் கூழின் நினைவே இனித்தது. நண்டு, றால், பயத்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். திருக்கைத் துண்டை மறந்துவிட்டார், நான் ஞாபகப்படுத்தினேன். நானும் குடித்தேன், அப்படி ஒரு கூழ். குடாநாட்டு ஆட்களுக்குப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்கிறதெல்லாம் தண்ணீர்தான். அதற்குள் அரைக் கடலும் ஒரு தோட்டமும் கிடந்தாலும் அது சாப்பாடு ஆகாது.

டொக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு நிபுணர் எழுதித் தந்த துண்டை வாங்கி வாசித்தார்.

"பாக்கக்கூடிய இடமெல்லாம் சுத்தம் எண்டு எழுதியிருக்கிறார். அவர் பாத்தது குடலை இல்லை அண்ணை. கூழை."

அத்தான் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பப் போக வேண்டும் என்றார். அத்தான் போகமாட்டேன் என்றார். அன்று தொடங்கியது.

அந்த நாட்களில் ஆனையிறவு முன்னையைப்போல இல்லை. சில நாள் விடுவார்கள், சில நாள் விடமாட்டார்கள், சில நாள் துவக்குச் சூட்டுச் சத்தம் கேட்டுப் பாதி வழியில் திரும்ப வேண்டும். என்னுடைய காரைத் திருப்பியே எனக்குக் கை உளைந்துபோனது. அத்தான் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"டொக்டர், முளையாலை சாகிறதுக்கு முதல் நான் துவக்குச் சன்னத்தாலை செத்துப்போவன். எனக்கிப்ப ஒரு வருத்தமும் இல்லை. ரத்தமும் போகேல்லை. வைத்தியர் ஐயாவும் வராதெண்டிட்டார். பிறகு ஏன்?"

"சன்னத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதுக்கு வேறை வழி பாப்பம்" என்றார் அவர். மற்றதெல்லாம் காதில் விழாததுபோல இருந்தார்.

விடிந்தால் அக்கா வீட்டுப் படலை திறக்கும். டொக்டரம்மா சைக்கிளைச் சாத்திவிட்டு, முற்றத்துக் கதிரையில் இருப்பார். தேத்தண்ணி குடிப்பார். கோழிகளை விசாரிப்பார். அத்தானோடு ஒரு சொல் கதைப்பதில்லை. ஆஸ்பத்திரி திறக்கிற நேரமானால் எழும்பிப் போவார். அத்தான் ஒருநாள் விடிய முன்னமே மண்வெட்டியோடு வயலுக்கு ஓடிவிட்டார். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றுக்குள்ளால் போய் வரம்பில் குந்தினார். பக்கத்து வயல்காரரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, அத்தான் தண்ணீரை எந்தப் பாத்திக்குத் திருப்புகிறோம் என்று தெரியாமல் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "உந்த மனுசியை உள்ளுக்கை விடாதை" என்று அக்காவிடம் கத்தினார். அக்கா அடுத்த நாள் விடியக் கதிரையைத் துடைத்து வைத்தாள்.

அக்காவுக்கு நித்திரை இல்லை என்று எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகள் மூன்று. "அவர் சுகமா இருக்கிறார்தானே? சொல்லடா, சுகமாத்தானே இருக்கிறார்?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அத்தானின் பிடி எல்லாம் வைத்தியர் ஐயாவின் சொல்லில் இருந்தது. டொக்டரம்மாவுக்கு அது விளங்கியது. என்னையும் கூட்டிக்கொண்டு வைத்தியர் வீட்டுக்குப் போனார். அவர் கச்சான் காய வைத்துக்கொண்டிருந்தார். டொக்டரம்மா கூழ்க் கதையை முழுதாகச் சொன்னார். வைத்தியரின் முகம் இறுகியது. ஊரெல்லாம் கொண்டாடிய வெற்றியைத் திரும்பத் தரச் சொல்லி ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார். யாருக்குத்தான் பிடிக்கும்?

"நான் தோத்தாப் பரவாயில்லை ஐயா. எனக்குத் தோத்துப் பழக்கம்" என்றார் டொக்டரம்மா. "ஆனா நீங்கள் வெண்டது சரியோ எண்டு உங்களுக்குத் தெரிய வேண்டாமோ?"

வைத்தியர் கச்சானைக் கிளறிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"நாயாத்துப் பொண்ணுக்கும் நல்ல குறின்னுதான் சொன்னேன்" என்றார். "அந்த ஆளை எங்கிட்ட அனுப்புங்க. பேதிக்கு நான் குடுக்குறேன். எங்க பேதியில கூழ் நிக்காதுங்க."

வைத்தியரே போகச் சொன்ன பிறகு அத்தானுக்குப் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றுமில்லை. ஆமணக்கெண்ணெயும் சூரத்தாவரையும் இன்னும் என்னவோவும் போட்ட அந்தப் பேதியைப் பற்றி அத்தான் பிற்காலத்தில் மரியாதையோடுதான் கதைப்பார். வளவின் மூலையில் இருந்த கக்கூசுக்கும் வீட்டுக்கும் இடையில் நடந்த நடையில் அந்த இடத்தில் புல்லு பிறகு முளைக்கவேயில்லை என்பார். வெறும் கஞ்சித் தண்ணியும் இளநீரும்தான் சாப்பாடு. அது என்ன கஞ்சித் தண்ணி என்று டொக்டரம்மா கிளாசைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தபிறகுதான் குடிக்கவிட்டார்.

இந்த முறை தங்கச்சி வீட்டில் தங்கல் இல்லை. டொக்டரம்மாவும் வந்தார், வைத்தியரும் வந்தார். பூநகரிப் பக்கத்தால் போய், சங்குப்பிட்டியில் காரை விட்டுவிட்டு, வள்ளத்தில் கடந்தோம். வெறும் வயிற்றோடு அத்தான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் எங்கேயோ ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. வள்ளக்காரன் எங்களைக் குனியச் சொன்னான். எல்லோரும் குனிந்தோம். டொக்டரம்மா குனிந்த இடத்திலேயே அவனுடைய நாக்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

குழாய் விட்டுப் பார்த்தபோது அது இருந்தது. பழைய இடத்துக்குக் கொஞ்சம் மேலே, புதிதாக, பெருவிரல் நுனியளவில். அந்த நிபுணர் நல்ல மனிதர். வைத்தியர் ஐயாவையும் கூப்பிட்டுப் பார்க்க விட்டார். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தாராம். வெளியே வந்தபோது அவருடைய சால்வை தோளிலிருந்து நழுவியிருந்தது, அதை எடுத்துப் போடவுமில்லை.

"நீங்க செயிச்சுட்டீங்க, டாக்டரம்மா."

"கூழோடை வந்திருந்தால் இந்த முறையும் தெரிஞ்சிராது. வெண்டது உங்கடை பேதிதான் ஐயா" என்றார் அவர். வைத்தியர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பல் ஒன்று குறைவு.

வெட்டினார்கள். விட்டிருந்தால் இன்னும் அதிக காலம் எடுத்திராது என்று நிபுணர் டொக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் முகங்களை வாசிக்கத் தெரியும். சில நாள் அங்கே கிடந்துவிட்டு அந்த மாடு எங்களோடு திரும்ப வள்ளம் ஏறியது. நடுக்கடலில், வள்ளம் ஆடாமல் போய்க்கொண்டிருந்தபோது, மெல்லக் கேட்டார்.

"டொக்டர், இனி வராதெல்லோ?"

வள்ளக்காரன் தடியை ஊன்றாமல் பார்த்தான். வைத்தியர் தண்ணீரைப் பார்த்தார். எனக்கு அந்த மனுசியைக் கிள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு சொல். புறப்படும்போது அக்கா என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள், வராது எண்டு டொக்டரம்மா வாயாலை ஒருக்காச் சொன்னால் காணுமடா, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அவர் அத்தானை நேரே பார்த்தார்.

"வரும், அண்ணை."

அத்தானின் முகம் விழுந்துபோனது.

"வந்தால் பயறளவிலை இருக்கேக்கையே பிடிப்பம். அடுத்த வருசமும் உங்களைக் கூட்டிக்கொண்டு போவன், அதுக்கு அடுத்த வருசமும் போவன். கார் ஓடாட்டி வள்ளம். வள்ளம் இல்லாட்டி நடந்து போவம். வராது எண்டு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதையுங்கோ."

அந்தக் கல்லு நெஞ்சுக்காரியின் கண்ணில் தண்ணீரை அன்று பார்த்தோம். அவர் துடைக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

படலையில் அக்கா நின்றாள். சின்னவனை இடுப்பில் வைத்திருந்தாள். காரால் இறங்குகிற அத்தானைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள்.

"என்னவாம்? டொக்டரம்மா என்ன சொன்னவா?"

வழி முழுக்க ஒரு பொய்யை உருட்டிக்கொண்டு வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"வரும் எண்டு சொல்லிப்போட்டா. அடுத்த வருசமும் போக வேணுமாம். அதுக்கடுத்த வருசமும் போக வேணுமாம்."

அக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். காருக்குள் இருந்த டொக்டரம்மாவை ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு அத்தானின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அடுத்த வருசம் நீங்கள் இருப்பியள் எண்டு சொல்லியிருக்கிறா" என்றாள். குசினிக்குள் போய் உலையை வைத்தாள்.